தலைமாட்டு மருதாணி

பாவாவின் வேலை குழி வெட்டுவது. முத்தியால்பேட்டையின் ஒரு கோடியில், பட்டறைகளுக்கும் பழைய இரும்புக் கடைகளுக்கும் பின்னால் இருக்கும் கபர்ஸ்தானில், முஸ்லிம்களின் இடுகாட்டில், அவருடைய அத்தா வெட்டினார். அவருக்குப் பிறகு இவர். எந்த வீட்டில் மவுத் ஆனாலும் முதல் போன் பள்ளிவாசலுக்குப் போகும், அடுத்தது பாவாவுக்கு. கல்யாணத்துக்கு அழைக்கும்போது மட்டும் எல்லோருக்கும் அவரை மறந்துபோகும். அதில் அவருக்கு மனத்தாங்கல் இருந்த காலமும் உண்டு. இப்போதெல்லாம், "கடைசியில எங்கிட்ட வந்துதானே ஆகணும்" என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வராது.

அந்தக் கபர்ஸ்தானில் கல் கட்டி எழுப்பும் வழக்கம் இல்லை. மண்ணைக் குவித்து, தலைமாட்டில் ஒரு பச்சைக் கிளையையோ செடியையோ நட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அது பச்சையாக இருக்கும்வரை இறைவனைத் துதித்துக்கொண்டிருக்கும், அந்தத் துதி உள்ளே இருப்பவரின் பாரத்தைக் குறைக்கும் என்பது நம்பிக்கை. ஐப்பசி மழை வந்தால் மேடு கரைந்து தரையோடு தரையாகிவிடும். அதன் பிறகு யார் எங்கே இருக்கிறார்கள் என்பது பாவாவின் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கும். அவர் அதை மரங்களை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருந்தார். வளைந்த முள்மரத்தின் அடியில் சைக்கிள் கடைக்காரர், இரட்டைக் கவையில் அவர் பீவி, இப்படி.

மரம் என்றால் எல்லாம் சீமைக்கருவேலம்தான். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. ஆடு தின்ற நெற்றிலிருந்து முளைத்து, நட்ட செடிகளையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, சுவருக்குச் சுவர் அதுவே நின்றது.

அக்தர் பேகத்தின் மகன் ஜாகிர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி மோதிச் செத்தபோது அவனுக்கு மீசை அப்போதுதான் கறுத்திருந்தது. பெண்கள் உள்ளே வரும் வழக்கமில்லாததால் அவள் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் முடிந்து பாவா கை கழுவ வந்தபோது அவரைக் கூப்பிட்டாள்.

"பாவா, எம்புள்ள தலைமாட்டுல மருதாணி வை. சின்னதுல பெருநாளுன்னா தங்கச்சி அரீபாவுக்கு முன்னாடி இவன்தான் கைய நீட்டுவான். ஆம்பளப் புள்ளைக்கு எதுக்குடான்னா கேக்கவே மாட்டான்."

"வைக்கிறேங்க்கா."

"பக்கத்துல ஒரு எடம் விட்டு வை. எனக்கு நேரம் வர்றப்ப என்னை அங்கதான் வைக்கணும். வேற ஒண்ணும் நான் யாருகிட்டயும் கேக்கமாட்டேன்."

"நான் இருக்கேன். கவலப்படாதீங்க."

சொன்னபடி மருதாணி வைத்தார். துளிர்கூட விட்டது. அதைத் தின்றது வேறு யாருடைய ஆடும் அல்ல, அவருடைய ஆடேதான். வெட்கமாகப் போய்விட்டது மனிதருக்கு. சத்தமில்லாமல் இன்னொரு கிளையை நட்டார். கோடை அதைக் கொண்டுபோயிற்று. மூன்றாவதாக நட்டதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிய தண்ணீரில் மருதாணிக்குப் பதில் முள்மரம் முளைத்து, ஒரே மழைக்காலத்தில் அவர் தோளுக்கு வந்துவிட்டது.

அந்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு முன்னால் அக்தர் பேகம் கேட்டுக்கு வந்து, "மருதாணி வந்துடுச்சா பாவா? ஒரு பிடி எல பறிச்சுக் குடேன்" என்று கேட்டாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் ஒரு நாள் அழுதிருப்பாள், அதோடு போயிருக்கும். பாவாவோ உள்ளே போய், கிழக்குச் சுவரோரம் இருந்த சொல்தாவின் மருதாணியிலிருந்து பறித்துக்கொண்டுவந்து கொடுத்தார். சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்சன் வாங்கி, எப்போதோ அங்கே அடங்கிவிட்ட கிழவர். அவர் பிள்ளைகள் பிரான்சுக்குப் போனவர்கள் போனவர்கள்தான். போட்ட கம்பிவேலியும் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. அவர் தலைமாட்டு மருதாணிக்கு மட்டும் யார் மேலும் கோபமில்லை. செழித்துப் புதராகி நின்றது.

அக்தர் பேகம் அந்த இலையை அரைத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். காய்ந்து சிவந்த கையை முகத்தில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று அரீபா வந்து சொன்னாள். அதற்குமேல் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு பெருநாளுக்கும் அவள் கேட்டுக்கு வந்தாள், அவர் சொல்தாவிடம் போய்ப் பறித்தார். ஜாகிரின் மேல் முள்மரம் வளர்ந்துகொண்டே போயிற்று. வேறு அடையாளம் இல்லாததால் பாவாவும் அதை வெட்டவில்லை.

போன வருடம் அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் திட்டம் இதுதான்: ஊரில் சும்மா கிடக்கும் இடங்களில் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து, மிஷினில் போட்டுச் சில்லாக அரைத்து, சேதராப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனி கொதிகலனுக்கு நிலக்கரிக்குப் பதிலாக அனுப்புவது. காலியான இடத்தில் நாவல், மகிழம், இலுப்பை, புங்கன் என்று நம் மண்ணின் மரங்களை நட்டுக் காடாக்குவது. அந்தக் காடு இழுக்கும் கரியமில வாயுவுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வரும், வெட்டவும் நடவும் வரும் கிராமத்துப் பெண்களுக்குக் கூலி கிடைக்கும். ஜமாத்தின் செயலாளர் ஹாதிக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. ஹாதி, அக்தர் பேகத்தின் தம்பி மகன்; அவளை மாமி என்று கூப்பிடுவான். படித்தவன், துடிப்பானவன், கபர்ஸ்தானின் முள்ளைப் பார்த்து வெட்கப்பட்டவன். திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜேசிபி உள்ளே வரக் கூடாது, கையால்தான் எடுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டதும் அவன்தான். நட்ட இடத்தில் பல வருடங்களுக்குக் குழி வெட்டக் கூடாது, கிழக்குச் சுவரோரம் ஒரு துண்டு நிலம் மட்டும் அடக்கத்துக்கு என்று ஒப்பந்தம்.

ஜாகிரின் பக்கத்தில் விட்டுவைத்த இடமும் அதில் போகும் என்று பாவாவுக்கு அன்றே புரிந்துவிட்டது. திட்டத்தின் மேற்பார்வையாளர் இளஞ்செழியனைத் தனியாகப் பிடித்து, "சார், ஒரே ஒரு மரத்த வுட்டுடுங்களேன்" என்று கேட்டார்.

"ஒண்ணு வுட்டா அடுத்த மழைக்கு நூறு வந்துடும் பாய். வெளியிலேருந்து பாக்க வருவாங்க. ஒரு முள்ளு இருந்தாலும் எழுதிட்டுப் போயிடுவாங்க. இன்னா விஷயம், ஏன் அது மட்டும்?"

"சும்மாதான் சார்" என்று பாவா நகர்ந்துவிட்டார். இளஞ்செழியனிடம் சொன்னால் ஹாதிக்குப் போகும், ஹாதியிடமிருந்து மாமிக்குப் போகும். அக்தர் பேகம் அதற்குள் சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரத்தில் பாதி நாள் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். இந்த நேரத்தில் போய், உன் பிள்ளை தலையில் நிற்பது முள்மரம், நீ கையில் வைத்துக்கொண்டதெல்லாம் யாரோ ஒரு சொல்தாவின் மருதாணி என்று எந்த வாயால் சொல்வது?

வேலை தொடங்குவதற்கு முந்தின சாயங்காலம், தர்கா போர்வையில் கிழிந்த பச்சைத்துணி ஒன்றை எடுத்துப்போய் ஜாகிரின் மரத்தில் சுற்றிக் கட்டினார். துணியைப் பார்த்தால் கை வைக்கத் தயங்குவார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு தப்பவில்லை. தப்பியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

வெட்ட வந்தவர்களுக்குத் தலைவி செல்வாம்பாள். வில்லியனூருக்கு அந்தப்புறம் ஒரு கிராமம். இரண்டு காணி மானாவாரி நிலம், மழை பொய்த்த வருடங்களில் கட்டட வேலை. பச்சைத்துணியைப் பார்த்ததும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"பெரிய மகானா பாய்?"

பாவா தலையைக் குனிந்துகொண்டார். "நல்ல புள்ளம்மா."

அவ்வளவுதான் சொன்னார். அது போதுமானதாக இருந்தது. மறுநாள் மரத்தடியில் ஊதுபத்தி எரிந்தது. அடுத்த வாரம் எலுமிச்சம்பழம். செல்வாம்பாளின் மகனுக்கு விடாமல் அடித்த காய்ச்சல் இறங்கியது. மாத்திரையும் சாப்பிட்டிருந்தான், அதைப் பற்றி யாரும் பேசவில்லை. சுற்றிலும் முள் விழ விழ அந்த ஒற்றை மரம் தெருவிலிருந்தே தெரிய ஆரம்பித்தது. உடைந்த சுவர் வழியாக முத்தியால்பேட்டைப் பெண்கள் வந்து மஞ்சள் கயிறு கட்டினார்கள். வைத்திக்குப்பத்திலிருந்து ஒருத்தி தன் வீட்டுக்காரன் படகுக்காக வேண்டிக்கொண்டு போனாள். மகானுக்கு "முள்ளு அவுலியா" என்று பெயரும் வைத்தாகிவிட்டது. ஜாகிர் உயிரோடு இருந்தபோது அவனை ஒரு வேலைக்குக்கூட யாரும் சிபாரிசு செய்ததில்லை.

பாவாவுக்குப் பயமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. மரம் நிற்கிறதே, அது போதும் என்று நாளை ஓட்டினார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த ஹாதி, கபர்ஸ்தானுக்குள் கற்பூரம் எரிவதைப் பார்த்தான். அவனுக்குக் கண் சிவந்துவிட்டது.

"இன்னா இது? மண்ணுக்கும் மரத்துக்கும் கும்பிடு போடுற எடமா இது? யாரு கட்டுனது இந்தத் துணிய?"

பாவா குனிந்து, எரிந்த கற்பூரத்தை மண் தள்ளி அணைத்தார்.

"நாளைக்கு இது இருக்கக் கூடாது. வேரோட போகணும். கேட்டுச்சா பாவா பாய்?"

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் குடுப்பா. ஒருத்தங்கள நான் பாத்துட்டு வந்துடறேன். அப்புறம் நானே எடுத்துடறேன்."

"சாயங்காலம்னா சாயங்காலம்" என்றான் ஹாதி. கெட்டவன் இல்லை அவன்.

மறுநாள் காலை பாவா பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். சொல்லிவிடுவது என்றே போனார். பஸ்ஸில் நின்றபடி வார்த்தைகளைக்கூடக் கோத்துவைத்திருந்தார்: அக்கா, நான் தப்புப் பண்ணிட்டேன், ஆனா எடம் எனக்குத் தெரியும், அந்த எடத்த மட்டும் காப்பாத்திக் குடுக்கச் சொல்லி ஹாதிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அவ்வளவுதான். அவள் சொன்னால் ஹாதி கேட்பான்.

அக்தர் பேகம் மிஷினோடு குழாயால் கட்டப்பட்டுப் படுத்திருந்தாள். முகம் ஊதியிருந்தது. பாவாவைப் பார்த்ததும் சும்மா இருந்த கையைத் தூக்கிக் காட்டினாள். போன பெருநாளின் சிவப்பு நகத்தோரம் மட்டும் மிச்சமிருந்தது.

"இது போறதுக்குள்ள நான் போயிடுவேன் பாவா. ஊசி போடறப்பல்லாம் இதத்தான் பாத்துக்குவேன். எம்புள்ள வந்து கையப் புடிச்சிருக்கிற மாதிரி இருக்கும்."

பாவா பஸ்ஸில் கோத்ததையெல்லாம் விட்டுவிட்டு, அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"எடம் இருக்குதுல்ல?"

"இருக்குதுங்க்கா."

திரும்பி வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. கேட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் அதிகமாக இருப்பதாகத் தோன்றியது. சில்லு அள்ளும் லாரி சாயங்காலம் வருவதற்குப் பதில் காலையிலேயே வந்துவிட்டதாம். கடைசி லோடு, இனி வராது என்றானாம் டிரைவர். செல்வாம்பாள் கோடாலியைத் தொடமாட்டேன் என்று ஒதுங்கி நிற்க, ஹாதியே வாங்கி வெட்டினானாம். மாமி மகன் தலைமாட்டில்தான் வெட்டுகிறோம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? குழியைத் தூர்த்து, தரையை மண்வெட்டியால் நிரவி, கயிறு பிடித்துக் கன்று வைக்கச் சுண்ணாம்புப் புள்ளியும் போட்டிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரிப் புள்ளிகள். பாவா அங்கும் இங்கும் நடந்தார். வாழ்நாள் முழுக்க நடந்த இடம், சந்தையில் பிள்ளையைத் தொலைத்தவன் மாதிரி நடந்தார்.

செல்வாம்பாள் அருகில் வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"பாய், வேரோட எலும்பு வந்துச்சு. விலாவோ கையோ, வேரு அத நல்லாப் பின்னிக்கிட்டு இருந்துச்சு. நான் கொடுவா வச்சு அறுக்கல, கையாலதான் பிரிச்சேன். அது மகானோட எலும்புதானே?"

"எங்கம்மா அது? எங்க வச்சிருக்க?"

"வேற வேருங்கள்லயும் வந்துச்சு இல்ல, இத்தன நாளா? அதுங்களோட சேத்து, வெள்ளத்துணியில கட்டி, ஹாதி ஐயா தொழுதுட்டு ஒரே குழியில வச்சாரு. தோ, அங்க."

அவள் கை காட்டிய இடம் கிழக்குச் சுவரோரம், சொல்தாவின் மருதாணிக்கு அடுத்தாற்போல், ஓர் ஆள் படுக்க இடம் விட்டு. புது மண் மேடாக இருந்தது. பாவா அங்கே போய் உட்கார்ந்தார். அந்தத் துணிக்குள் ஜாகிர் எது, சைக்கிள் கடைக்காரர் எது? ஜாகிரில் எவ்வளவு இங்கே, எவ்வளவு அந்தச் சுண்ணாம்புப் புள்ளிகளுக்குக் கீழே? லாரியில் போன வேரில் ஒட்டிக்கொண்டு கொதிகலனுக்கே போய்விட்டது எவ்வளவு? இதையெல்லாம் கேட்க அவருக்கு ஆள் இல்லை. குழி வெட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அழாத மனிதர் அன்று வாய்விட்டு அழுதார். மகானுக்காக அழுகிறார் என்று செல்வாம்பாளும் கூட உட்கார்ந்து அழுதாள்.

கன்று நடும் விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். குடும்பத்துக்கு ஒரு கன்று, அன்று ஒரு நாள் பெண்களும் உள்ளே வரலாம் என்று ஹாதி மைக்கில் அறிவித்தான். அக்தர் பேகம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மகள் அரீபாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருடம் வெளியிலிருந்தே பார்த்த கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். பேச்சுகளையோ கன்றுகளையோ அவள் பார்க்கவில்லை. அந்த மைதானம் முழுக்க மருதாணி என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். நேராக அதனிடம் போனாள்.

"இதுதானே பாவா?"

பாவா பின்னாலேயே வந்திருந்தார். தொண்டை கமறியது. "ஆமாங்க்கா."

"எம்மாம் பெருசா வளந்துட்டான்" என்று புதரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். முகத்தை இலைகளுக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். சொல்தா கிழவர் ஒன்றும் சொல்லவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோதுதான் புது மேட்டைப் பார்த்தாள். "இது யாரு, புதுசா?"

"பழைய எலும்புங்கக்கா. வேர்ல வந்ததெல்லாம் ஒண்ணா சேத்து வச்சிருக்கு."

"அட அல்லாவே. எந்தத் தாய் பெத்த புள்ளைங்களோ." நிற்க முடியாதவள், அரீபாவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, அந்த மேட்டின் மேல் கை ஏந்தி ஓதினாள். "இதுங்களுக்குன்னு ஓத யாரும் இல்லையே பாவா. நீ ஓதுறியா?"

"ஓதுறேங்க்கா."

"எம்புள்ளைக்கும் இதுங்களுக்கும் நடுவுல எடம் கெடக்குதே. என்னை இங்க வச்சிடு."

புரட்டாசியில் அவள் போய்விட்டாள். பாவா அவள் சொன்ன இடத்தில் வெட்டினார். ஒரு பக்கம் மருதாணி வேர் மெல்லிய நூலாகத் தொங்கியது. மறுபக்கம் எலும்புக் குழியின் மண் சரிந்து சரிந்து விழுந்தது. உடலை இறக்கி வலப்பக்கமாகத் திருப்பிக் கிடத்தும்போது கன்னத்துக்கு அடியில் ஒரு மண்கட்டி வைப்பார்கள், தலையணை மாதிரி. வெட்டிய மண்ணிலிருந்துதான் எடுப்பது வழக்கம். பாவா விடிந்ததுமே அந்த எலும்புக் குழியின் மேட்டிலிருந்து ஈரமண்ணை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து உருட்டி, வாழையிலையில் மூடி வைத்திருந்தார். ஜமாத்தார் மேலே நிற்க, உள்ளே இறங்கி, கபன் துணியின் முடிச்சை அவிழ்த்து, அந்த மண்கட்டியை அவள் கன்னத்துக்கு அடியில் வைத்தார். அதில் ஜாகிர் இருக்கிறானோ இல்லையோ, அவருக்குத் தெரியாது. அவரால் கொடுக்க முடிந்தது அதுதான்.

எல்லோரும் போன பிறகு அரீபா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் அம்மா நின்ற அதே இடத்தில். வாசல் மறுபடி பெண்களுக்கு இல்லை என்றாகியிருந்தது.

"மாமா, அம்மாவ அண்ணன் பக்கத்துலதானே வச்சீங்க?"

"பக்கத்துலதாம்மா."

பொய் சொல்லும்போது அவருக்குத் தொண்டை கமறும். இப்போது கமறவில்லை. அது பொய்யா என்று தொண்டைக்கே தெரியவில்லை போலிருக்கிறது.

அரீபா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பெருநாளைக்கு இனிமே எனக்குப் பறிச்சுக் குடுங்க மாமா. அம்மா மாதிரியே நானும் வந்துடறேன்."

பாவா திரும்பிச் சொல்தாவின் மருதாணியைப் பார்த்தார். "வாம்மா, பறிச்சுத் தர்றேன்" என்றார்.

அவள் சலாம் சொல்லிவிட்டுப் போனாள். அறக்கட்டளை இப்போது அவருக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையும் கொடுத்திருந்தது. பாவா குழாயைத் திறந்துவிட்டு, வரிசையின் முதல் கன்றுக்குப் போனார்.